பெஞ்சைத் திருப்பிப் போட்ட நாள்

கியுமானி சந்தையில் மாவு மில்லுக்கும் கோழித்தீவனக் கடைக்கும் இடையில் ஓர் ஒற்றை அறை. கதவில் நீலப் பெயிண்டால் 'சைபர்' என்று எழுதியிருக்கும், இன்டர்நெட் கடைக்கு அங்கே அதுதான் பெயர். மில்லிலிருந்து பறந்து வரும் மக்காச்சோள மாவு அந்த எழுத்தின் மேல் எப்போதும் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். உள்ளே இரண்டு கணினிகள், ஒரு பிரின்டர், வாடிக்கையாளர் உட்கார நீளமாக ஒரு பெஞ்சு. மூன்றாவது கணினி கிறிஸ்துமஸுக்கு முன்னால் மில் மோட்டார் கரண்டில் உதைத்த உதையில் புகைந்து போயிற்று. எல்லாவற்றுக்கும் நடுவில் கசீவா.

கசீவாவுக்கு வயது நாற்பத்தாறு. பிள்ளை இல்லை. அந்த ஊரில் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாரின் அம்மா என்பதுதான் மரியாதை. கசீவாவைக் கூப்பிட ஊருக்கு ஏதாவது ஒரு பெயர் வேண்டியிருந்தது. சைபர் அம்மா என்று வைத்துக்கொண்டார்கள். முதலில் கொஞ்சம் குத்தியது. பிறகு யாராவது கசீவா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கத் தாமதமாயிற்று.

அவள் மச்சாகோஸில் தட்டச்சுப் படித்தவள். நைரோபியில் ஒரு வக்கீலிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். வக்கீல் ஆபீஸை மூடிவிட்டு மகளோடு கனடா போனபோது ஒரு பழைய கணினியை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை மெத்தையில் சுருட்டிப் பஸ் கூரையில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தாள். அது நல்ல நேரமாகத்தான் அமைந்தது. பிறப்புச் சான்று, ஓட்டுநர் உரிமம், வரி எண், கல்லூரி இடம் என்று ஒவ்வொன்றாக எல்லாம் இன்டர்நெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு எந்த ஜன்னலில் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

முதல் வருஷம் அவள் நிஜமாகவே சொல்லிக்கொடுக்கத்தான் பார்த்தாள். சுவரில் அட்டை ஒட்டி, இது மவுஸ், இது கீபோர்டு, இது வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்குகிற பூனை மாதிரி ஒரு எழுத்து, ஈமெயில் முகவரியில் அது இல்லாமல் போனால் கடிதம் வந்து சேராது என்று வரிசையாகப் படம் போட்டு வைத்திருந்தாள். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிமேயு கிழவர்தான் முதல் மாணவர். மவுஸ் மேஜை விளிம்புக்கு வந்ததும் அதை அப்படியே கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தாயே, ரோடு தீந்து போச்சு, இப்ப எங்க போறது?" என்று கேட்டார்.

"தூக்கித் திரும்ப நடுவுல வைங்க ஐயா."

"அப்ப இவ்வளவு தூரம் வந்தது வீணா?"

கடவுச்சொல் அடிக்கும்போது பெட்டியில் கறுப்புப் புள்ளிகளாக வருவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. "நான் போட்ட எழுத்தை எல்லாம் யாரு தின்னது?" என்பார். யாரும் பார்க்காமல் இருக்கத்தான் புள்ளி என்று கசீவா விளக்குவாள். "பாக்கட்டுமே, நான் என்ன திருட்டு மாடா கட்டி வெச்சிருக்கேன்?"

ஆனால் பெஞ்சு நிரம்ப ஆரம்பித்த பிறகு பாடம் நடத்த நேரம் இருக்கவில்லை. ஒருவர் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்து முடிப்பதற்குள் பின்னால் நான்கு பேர் பெருமூச்சு விட்டார்கள். "நீயே அடிச்சிரும்மா" என்றார்கள். அவளும் அடிக்க ஆரம்பித்தாள். அட்டைகள் மாவு படிந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. சில வருஷங்களில் அவள் ஊருக்கே கையாகிப் போனாள். எல்லாருடைய கடவுச்சொல்லையும் அவளே யோசித்து வைத்து, பச்சை அட்டை போட்ட ஒரு தடி நோட்டில் எழுதிக்கொண்டாள். "என் நோட்டுல இருக்குல்ல, நீங்க எதுக்கு மண்டைய உடைச்சுக்கணும்?" என்பது அவள் வழக்கமான வார்த்தை.

இன்னொன்றும் பழகிவிட்டது. பக்கத்தில் மில் ஓடும்போது ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் ஃபார்மில் உள்ள கேள்விகளை அவள் கத்தித்தான் கேட்பாள், பதிலும் கத்தித்தான் வரும். பெஞ்சு கணினியைப் பார்த்தபடி போடப்பட்டிருந்ததால் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் படம் பார்ப்பதுபோல அடுத்தவர் விவகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"கிமேயு ஐயா, பொறந்த தேதி?"

"வெட்டுக்கிளி வந்த வருஷம்!"

"ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கிறேன்!"

"போடு போடு. இந்த ஊர்ல பாதிப் பேர் அன்னைக்குத்தான பொறந்தோம். அன்னைக்கு மருத்துவச்சி பாடு என்ன ஆச்சோ!"

பெஞ்சே சிரிக்கும். யாருக்குப் பரீட்சையில் என்ன கிரேடு, யார் நிலம் யார் பெயரில் இருக்கிறது, யாருக்கு என்ன வியாதிக்கு எந்த ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருக்கிறது, எல்லாம் அந்த பெஞ்சுக்குத் தெரியும். கணினி புள்ளி வைத்து மறைத்ததைக் கசீவாவின் தொண்டை திறந்து காட்டிக்கொண்டிருந்தது. இதில் தப்பு இருக்கிறதென்று அவளுக்கும் தோன்றியதில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றியதில்லை.

சில கேள்விகளை அவள் கேட்பதுகூட இல்லை. கடவுச்சொல் மறந்துபோனால் திரும்ப உள்ளே விடுவதற்காக ஒரு ரகசியக் கேள்வி வைக்கச் சொல்வார்கள். தலைப்பிள்ளையின் பெயர் என்ன என்பதைத்தான் அவள் எல்லாருக்கும் தேர்ந்தெடுப்பாள். சந்தையில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிற பெயர், கேட்கவே வேண்டாம், தானே அடித்துவிடுவாள். ஊர் முழுக்கக் கூவுகிற பெயரை ரகசியம் என்று எழுதி வைக்கிறோமே என்று ஒருமுறைகூட அவளுக்கு உறைக்கவில்லை.

மார்ச் மாதத்தில் பத்து நாள் கடையை மூடிவிட்டு அக்கா மகளின் பிரசவ வீட்டுக்குப் போய் வந்தாள். திரும்பி வந்து மேஜை இழுப்பறையைத் திறந்தால் பச்சை அட்டை மட்டும் அப்படியே இருந்தது. தூக்கியதும் உள்ளேயிருந்து செம்மண்ணாகக் கொட்டியது. மண்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த மேஜை. கரையான் சுவரிலிருந்து கால் வழியாக ஏறி முந்நூறு பேருடைய சாவியைத் தின்றுவிட்டிருந்தது. ஒரு மூலையில் மட்டும் யாருடையதோ ஒரு கடவுச்சொல்லின் பாதி மிஞ்சியிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வரும்போது ஏதாவது பண்ணிக்கொள்ளலாம் என்று இருந்தாள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலே காலுக்குக் கிலோன்ஸோ அம்மா ஓடி வந்தாள்.

ஆரம்பப் பள்ளியில் பதினான்கு வருஷமாகச் சமைக்கிறவள். பள்ளிக்கூடத்துப் பெரிய அண்டாவில் சோளமும் பீன்ஸும் கிளறிக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் பாடம் கேட்டவள். போன வருஷம், தான் சோறு போட்டு வளர்த்த பிள்ளைகளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பள்ளியிறுதிப் பரீட்சை எழுதினாள். சிறுபிள்ளைகளுக்கு வாத்தியாராகிற பயிற்சிக் கல்லூரி ஒன்றுக்குக் கசீவாதான் நவம்பரில் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தாள். இப்போது இடம் கிடைத்துவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்து சம்மதம் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்தக் கல்லூரியில் நாற்பத்திரண்டு வயதுக்குமேல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவளுக்கு நாற்பத்திரண்டு முடிய இரண்டு மாசம்தான் இருந்தது.

"மத்தியானம் மெசேஜ் வந்திருக்கு சைபர் அம்மா. அண்டா முன்னாடி நின்னதுல போனை யாரு பாத்தா?" இடுப்பில் கட்டிய லெசோ துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை முழுக்க வெங்காய வாசனை.

அவளோடு நாத்தனார் ரெடெம்ப்டாவும் வந்திருந்தாள். சந்தையில் பழைய துணி விற்கிறவள், நல்ல மனசு, பெரிய குரல். வந்ததும் பெஞ்சில் கிமேயு கிழவரை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். "எங்க வீட்டுல ஒரு டீச்சர் வரப்போறா. நாளையிலிருந்து யாரும் இவளைப் பாத்துச் சோத்துல கல்லுன்னு சொல்லக்கூடாது."

"கல்லு இருந்தா சொல்லத்தான செய்வோம்" என்றார் கிழவர்.

கசீவா இழுப்பறைப் பக்கம் பார்க்காமல், கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற வரியை அழுத்தினாள். ரகசியக் கேள்வி வந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. இது தெரிந்த கேள்விதான். கிலோன்ஸோ என்று அடித்தாள்.

தவறு என்றது பக்கம்.

எழுத்து மாறியிருக்கும், கையில் மாவு, என்று நினைத்தாள். இந்த முறை தகப்பன் பெயரையும் சேர்த்து, கிலோன்ஸோ முதிஸ்யா என்று நிதானமாக அடித்தாள். தவறு. கீழே சிவப்பில் இன்னொரு வரி வந்தது: இன்னும் ஒரு முறைதான். அதுவும் தவறினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பூட்டு.

"என்னாச்சு?" என்று பெஞ்சிலிருந்து குரல்.

"தலைப்பிள்ளை பேரு கேக்குது! கிலோன்ஸோன்னா தப்புங்குது!" மில் ஓடிக்கொண்டிருந்ததால் வழக்கம்போலக் கத்தினாள்.

ரெடெம்ப்டா எழுந்தேவிட்டாள். "அவனுக்குப் பேரு வெச்சதே நான். இந்தப் பொட்டிக்கு என்ன தெரியும்? ஞானஸ்நானப் பேரைப் போட்டுப் பாரு, பானுவேல்னு போடு!"

"பள்ளிக்கூடத்துல அவனைக் குட்டைன்னு கூப்பிடுவாங்க, அதைப் போடு" என்றார் கிழவர்.

கசீவா கல்லூரிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. நாலு முப்பத்திரண்டு. பானுவேல் என்று அடிக்கலாமா என்று விரலை வைத்தபோதுதான் பக்கத்தில் இருந்தவளைக் கவனித்தாள். இவ்வளவு நேரம் கிலோன்ஸோ அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திரையைக்கூடப் பார்க்கவில்லை. லெசோவின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

அப்போது கசீவாவுக்கு நவம்பர் ஞாபகம் வந்தது. புகைந்துபோன அந்த மூன்றாவது கணினியில்தான் இந்த விண்ணப்பத்தைப் போட்டார்கள். பாதியில் பிரின்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. எழுந்து போகும்போது, "தலைப்பிள்ளை பேரு கேக்குது, நீயே அடிச்சிரு. பொய் மட்டும் எழுதாத, கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கிரேடைக் கூட்டிப் போடுகிற பையன்களுக்காக அவள் வைத்திருந்த மிரட்டல் அது, வாய்ப்பழக்கத்தில் எல்லாரிடமும் வரும். காகிதத்தை இழுத்தெடுத்துவிட்டுத் திரும்பியபோது பக்கம் நகர்ந்திருந்தது. ஒரு பெயரை அடிக்க இவ்வளவு நேரமா என்று அன்றைக்கு நினைத்ததும் இப்போது ஞாபகம் வந்தது.

பொய் எழுதாதே என்றதற்கு, இவள் எழுதவில்லை.

கிலோன்ஸோவுக்கு முன்னால் இவளுக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கிறது. இருக்கிறதோ, இருந்ததோ. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலோ, பின்னாலோ. ஊருக்குத் தெரியாது. நாத்தனாருக்குத் தெரியாது, தெரிந்தால் இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்க மாட்டாள். கிலோன்ஸோ அம்மா என்று ஒவ்வொரு நாளும் ஊர் கூப்பிடும்போது இவள் உள்ளுக்குள் வேறொரு பெயருக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பெயரைத்தான் நான் மில் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், என்று கசீவா நினைத்தாள். 

புள்ளியாக வருகிற பெட்டி இல்லை அது. அடிக்கிற எழுத்து அப்படியே பெரிதாகத் தெரியும். பின்னால் ஆறு பேர்.

கசீவா எழுந்தாள். "எல்லாரும் எந்திரிங்க."

"ஏன், கரண்ட் போகப்போகுதா?"

"புது சட்டம். இந்த மாதிரிக் கேள்விக்குச் சொந்தக்காரரைத் தவிர வேற யாரும் திரையைப் பாக்கக்கூடாதாம். பாத்தா பூட்டிரும். இப்பத்தான் எழுதியிருக்கு பாருங்க, அதான் தப்புத் தப்புங்குது."

"நாங்க பாக்குறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கிழவர்.

"மேல ஒரு கண்ணு இருக்குல்ல, கேமரா."

அந்தக் கேமரா செத்து நான்கு வருஷம் ஆகிறது. கணினியிடம் பொய் சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், கணினியின் பெயரால் ஒரு பொய் சொன்னாள். குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியம்.

கணினி சொன்னால் அந்த ஊரில் மறுபேச்சுக் கிடையாது. முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்கள். கசீவாவும் ரெடெம்ப்டாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பெஞ்சைத் தூக்கி, தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். ஆறு பேரும் தெருவில் மேய்கிற ஆடுகளைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"கணக்கு வராதவனை வாத்தியார் இப்படித்தான் உக்கார வெப்பாரு" என்றார் கிமேயு.

"சும்மா இருங்க ஐயா, நம்ம மூஞ்சியைப் பாத்துப் பூட்டிக்கிச்சுன்னா அவ வாழ்க்கையே போச்சு" என்று ரெடெம்ப்டா அதட்டினாள். முகத்தை இன்னும் கொஞ்சம் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு நிஜமாகவே பயம்.

கசீவா கீபோர்டை ஒரு ஊது ஊதிவிட்டுக் கிலோன்ஸோ அம்மாவின் பக்கம் தள்ளினாள். காதருகில் குனிந்தாள். "நவம்பர்ல என்ன எழுதினியோ அதையே எழுது. எனக்குச் சொல்ல வேண்டாம். நான் பாக்க மாட்டேன். ஒரு எழுத்து தப்பா விழுந்தா இந்த அம்புக்குறி போட்ட பொத்தான், அது பின்னாடி அழிக்கும். எழுதினதைத் திரும்ப ஒரு தடவை படி. அப்புறமா இந்தப் பெரிய பொத்தான்."

பத்து வருஷத்தில் அவள் நிதானமாகச் சொன்ன முதல் பாடம். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சுவரில் கரையான் ஏறிய மண்கோடு ஒன்று கூரைவரை போயிருந்தது. அதையே பார்த்தாள்.

பின்னால் ஒரு தட்டல். நெடுநேரம் கழித்து இன்னொன்று. அவள் எழுத்தைத் தேடுவது கேட்டது, விரல் காற்றில் அலைவதுகூடக் கேட்பதுபோல இருந்தது. மில் மோட்டார் ஏறி இறங்கியது, விளக்கு மங்கி மறுபடி வந்தது. திரை அணைந்திருந்தால்? திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. தட்டல்களை எண்ணினால் எத்தனை எழுத்துப் பெயர் என்று தெரிந்துவிடும் என்று தோன்றியதும் எண்ணாமல் இருக்க மனசுக்குள் ஒரு ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வரிகள் மறந்துபோயின, திரும்ப முதலிலிருந்து சொன்னாள்.

பெரிய பொத்தானை அழுத்தும் சத்தம் தனியாகக் கேட்டது.

"சைபர் அம்மா." கிலோன்ஸோ அம்மா மெல்லக் கூப்பிட்டாள். "வேற பக்கம் வந்திருக்கு. புது பாஸ்வேர்ட் கேக்குது."

"நீயே யோசிச்சு வை. எட்டு எழுத்துக்குக் குறையாம. யாரும் உன்னைக் கூப்பிடாத ஒண்ணா இருக்கட்டும்."

நாலு நாற்பத்தெட்டுக்குச் சம்மதம் என்ற பொத்தானைக் கிலோன்ஸோ அம்மாவே அழுத்தினாள். இரண்டு தடவை அழுத்தினாள், ஒரு தடவை போதாதோ என்று. கடிதம் பிரின்டரிலிருந்து வெளியே வந்தது. மேலே ஃபெலிஸ்டஸ் முவேனி என்று அவளுடைய சொந்தப் பெயர் இருந்தது. அதை யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள்.

ரெடெம்ப்டா கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு குதித்தாள். பிறகு சட்டென்று, "அது சரி, கடைசியில என்னதான் பேரு கேட்டுச்சு? கிலோன்ஸோ இல்லன்னா வேற யாரு?" என்றாள்.

கசீவா பிரின்டர் பக்கம் குனிந்து இல்லாத காகிதத்தைத் தேடினாள்.

"கேள்வியை மாத்திடுச்சு" என்றாள் கிலோன்ஸோ அம்மா. "உன் நாத்தனார் எப்படின்னு கேட்டுச்சு. வாயாடின்னு எழுதினேன், சரின்னு திறந்துடுச்சு."

பெஞ்சு சிரித்தது. ரெடெம்ப்டாவே அதிகம் சிரித்தாள். புறப்படும்போது கிலோன்ஸோ அம்மா லெசோவின் முனையால் கீபோர்டில் இருந்த மாவை மட்டும் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு கசீவா அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒருமுறை எழுதியதைக் கணினி மறக்காது. அந்தக் கேள்விப் பெட்டியின் மேல் மவுஸை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும், கடைசியாக எழுதியது தானாகக் கீழே விரியும். அடுத்து வருகிற யாருக்கும் விரியும். அவளுக்கும்.

கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் எத்தனை பேருக்குத் தலைப்பிள்ளையின் பெயரைக் கேட்காமலே அடித்திருக்கிறோம் என்று யோசித்தாள். அவர்களில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு, சரிதான், ஊர் சொல்வதே இருக்கட்டும் என்று விட்டிருப்பார்கள்? ஊரே தன் நோட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். கரையான் தின்றதில் பாதிக்கு மேல் உண்மை இருந்திருக்காது.

பெட்டியின் பக்கம் போகாமல், மேல் மூலையில் இருந்த மூன்று புள்ளியைத் திறந்து, பழைய பதிவுகள் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். உறுதியாகத்தானா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள்.

பிறகு வாசலுக்கு வந்தாள். "கிமேயு ஐயா, வாங்க. உங்க பாஸ்வேர்டு எழுதின நோட்டு போச்சு, கரையான் தின்னுடுச்சு. எல்லாருதும்தான். இனிமே நோட்டு கிடையாது. அவங்கவங்க பாஸ்வேர்டை அவங்கவங்களே அடிக்கணும்."

பெஞ்சில் கூச்சல் எழுந்தது. நைரோபியில் இப்படியா, எங்களுக்கு வேற வேலை இல்லையா என்றார்கள். கிழவர் மட்டும் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டார்.

"நான் அடிச்சா பொழுது சாஞ்சிரும்மா."

"சாயட்டும்."

"நீ எங்க போற? பக்கத்துல இல்லாம நான் எப்படி?"

"கூப்பிடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கசீவா திருப்பிப் போட்ட பெஞ்சில் மற்றவர்களை நகரச் சொல்லி, ஆடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.